கேம்பர்வேன் கூரையில் அரிப்பு: மறுபூச்சா, புதிய கூரையா?

படுத்துத் தங்கும் வசதியுள்ள வேனான கேம்பர்வேனின் உயர்த்தும் கூரையில் பெயிண்ட் கொப்புளம் விட்டிருப்பதைக் கண்டவருக்கு மூன்று வழிகள் உண்டு. உத்தரவாதத்தின் கீழ் அதே கூரையைத் தேய்த்து மறுபடியும் வண்ணம் பூசித் தரச் சொல்லலாம். உத்தரவாதத்தின் கீழேயே கூரைத் தகடு முழுவதையும் மாற்றித் தரும்படி கேட்கலாம். நிறுவனத்தோடு மல்லுக்கட்ட மனமில்லையென்றால் சொந்தச் செலவில் வெளிப் பட்டறை ஒன்றில் வேலையை முடித்துக்கொள்ளலாம். நான் கேட்டுப் பெற்றது இரண்டாவது. அதற்கு நெடுநாள் காத்திருக்க வேண்டியிருந்தது, கடிதம்மேல் கடிதம் எழுத வேண்டியிருந்தது. மறுபடியும் இதே நிலை வந்தாலும் அதையேதான் கேட்பேன்.

முதலில் ஒரு காந்தத்தைக் கூரையில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எஃகு. அதன் கதை வேறு, கடைசியில் வருகிறேன். ஒட்டாவிட்டால் அலுமினியமாகவோ கண்ணாடியிழையாகவோ இருக்கும். கண்ணாடியிழை அரிப்பதில்லை, எனவே இந்தப் பேச்சு அதற்குத் தேவையில்லை. என் வண்டியில் இருந்தது அலுமினியக் கூரை. இங்கே சொல்வதில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. காற்று பட்டவுடன் அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலம் உருவாகி உலோகத்தைக் காக்கிறது. ஆனால் குளோரைடு, அதாவது கடற்காற்றிலும் பனிக்காலச் சாலைகளிலும் இருக்கும் உப்பு, அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். பெயிண்டில் எங்காவது ஒரு கீறலோ மெலிந்த இடமோ கிடைத்தால் அரிப்பு அதன் வழியே நுழைந்து, பெயிண்டுக்கும் தகட்டுக்கும் இடையில் மெல்லிய நூல்களாகப் படரும். மேலிருந்து பார்த்தால் புழு ஊர்ந்த தடம் போலத் தெரியும். பெயிண்டைச் சுரண்டினால் சிவப்புத் துரு இருக்காது. வெள்ளைப் பொடிதான் பூத்திருக்கும்.

இந்த நூல் வளரும் விதத்தைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தெளிவாகிவிடும். நூலின் தலையில் உப்பும் ஈரமும் சேர்ந்த அமிலத்தன்மையுள்ள ஒரு துளி இருக்கிறது. அது உலோகத்தைத் தின்றுகொண்டே முன்னே நகர்கிறது. பின்னால் விட்டுச்செல்வது காய்ந்த வெள்ளைப் பொடி. அந்த உப்பு இதில் செலவாகிவிடுவதில்லை. தலையோடு சேர்ந்து அதுவும் நகர்ந்துகொண்டே போகிறது. ஆகவே துளியளவு உப்பை உள்ளே விட்டுவிட்டு மேலே எவ்வளவு நேர்த்தியாகப் பூசினாலும், ஈரமும் காற்றும் கிடைத்தவுடன் அது மறுபடியும் வேலையைத் தொடங்கிவிடும்.

வெளிப் பட்டறையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. விரைவில் முடியும், வேலை செய்பவரிடமே நேரில் பேசலாம். ஆனால் வெளியார் கை பட்டால் உத்தரவாதமும் கேள்விக்குறியாகும் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. உத்தரவாதக் காலம் முழுவதும் முடிந்துவிட்டவருக்கு வேறு வழியும் இல்லை. அப்படிப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அலுமினியத்தில் வேலை செய்து பழகிய ஆளாக இருக்க வேண்டும். எஃகைத் தேய்த்த கம்பித் தூரிகையையும் உப்புத்தாளையும் அப்படியே அலுமினியத்தில் பயன்படுத்தினால் இரும்புத் துகள்கள் தகட்டில் புதைந்து புதிய அரிப்புக்கு விதை போட்டுவிடும். கடையில் விற்கும் துரு மாற்றிகள் இரும்புத் துருவுக்காகச் செய்யப்பட்டவை. இதற்கு அவை உதவாது. தேய்த்து முடித்த தகட்டின் மேல் தாமதிக்காமல் எபாக்ஸி பிரைமர் என்னும் அடிப்பூச்சைப் பூசுகிறாரா என்றும் கேளுங்கள்.

உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும் இடையில்தான்.

மறுபூச்சுக்குச் சாதகமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நிறுவனங்கள் அதை எளிதில் ஒப்புக்கொள்ளும். வண்டி சீக்கிரம் கைக்கு வரும். கூரையை உயர்த்தும்போது பக்கச் சுவராகும் கித்தான் துணி, கீல், விளிம்பில் நீரைத் தடுக்கும் ரப்பர் பட்டையான பீடிங் எதையும் கலைக்க வேண்டியதில்லை. கூரையின் மேல் சூரிய மின்தகட்டைப் பசை போட்டு நிரந்தரமாக ஒட்டியிருப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஏனென்றால் கூரையை மாற்றும்போது அந்தத் தகட்டைச் சேதமின்றிப் பிரித்தெடுப்பது கடினம், அந்தச் செலவை உத்தரவாதமும் ஏற்காது. கொப்புளம் கூரையின் நடுவில், கல் பட்ட ஓர் இடத்தில் மட்டும் இருந்தால் மறுபூச்சே போதும் என்று நானும் சொல்வேன்.

ஆனால் பெரும்பாலும் அரிப்பு தொடங்குவது நடுவில் அல்ல, விளிம்பில். இதில்தான் என் முடிவு முழுவதும் நிற்கிறது.

கூர்மையான விளிம்பில் பெயிண்ட் நிற்காது. ஈரமாக இருக்கும்போதே பரப்பு இழுவிசை அதை விளிம்பிலிருந்து பின்னுக்கு இழுத்துவிடும். தட்டையான பரப்பில் நூறு மைக்ரானுக்கு மேல் இருக்கும் பூச்சு விளிம்பில் மிகவும் மெலிந்துவிடுகிறது. மழைநீரும் கழுவும் நீரும் வடிந்து சேர்வதும் அங்கேதான். ரப்பர் பீடிங்கின் அடியில் அந்த நீர் வெயில் வந்த பிறகும் காயாமல் தங்கும், அதோடு உப்பும் தங்கும். எஃகு ஆணியோ திருகோ அந்த இடத்தில் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இரு உலோகங்களும் உப்பு நீரும் சேர்ந்து மின்கலம் ஆகிவிடும், அதில் கரைவது அலுமினியம்தான்.

இப்போது மறுபூச்சு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வண்டி பட்டறைக்குள் போகிறது. கூரை இருந்த இடத்திலேயே இருக்கிறது. பீடிங்கின் மேல் நாடா ஒட்டி மறைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பைத் தேய்த்து, பிரைமர், நிறம், அதன் மேல் நிறமற்ற கிளியர் கோட் என்று வரிசையாக அடிக்கிறார்கள். வேலை அழகாகத்தான் இருக்கும். ஆனால் விளிம்பின் அடிப்பக்கத்துக்கும் பீடிங்கின் கீழே இருக்கும் மடிப்புக்கும் யார் கையும் போகவில்லை. நோய் தொடங்கிய இடம் தொடப்படாமலேயே இருக்கிறது. அங்கே மிஞ்சிய உப்பு புதிய பெயிண்டின் அடியில் மீண்டும் நூல் விடும்.

ஆகவே நான் பணிமனையிடம் கேட்டது ஒரே கேள்வி: "மறுபூச்சு என்றால் கூரையை வண்டியிலிருந்து கழற்றி, அடிவிளிம்பு வரை தேய்ப்பீர்களா?" கழற்ற மாட்டோம் என்றார்கள். அப்படியென்றால் அந்த வேலை எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். கழற்றித்தான் செய்வோம் என்று ஒரு பணிமனை சொன்னாலும் யோசித்துப் பாருங்கள். கித்தானைப் பிரிக்க வேண்டும், கீலைக் கழற்ற வேண்டும், பீடிங் புதிதாகப் போட வேண்டும், பிறகு எல்லாவற்றையும் நேராகப் பொருத்த வேண்டும். கூரையை மாற்றுவதற்கான உழைப்பில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடுகிறது. மிஞ்சும் வித்தியாசம் ஒரு தகட்டின் விலை மட்டுமே. நிறுவனத்தை இசைய வைத்த வாதமும் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரே கூரைக்கு இரண்டு முறை மறுபூச்சுச் செய்து கடைசியில் மாற்றுவதைவிட, முதலிலேயே மாற்றுவது அவர்களுக்கும் லாபம் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

புதிய தகடு வரும்போது எந்தப் பாகமும் அதன்மேல் பூட்டப்பட்டிருக்காது. எனவே மேல், கீழ், விளிம்பு, துளை ஓரம் என எல்லா இடத்திலும் பூசிய பிறகே வண்டியில் ஏற்ற முடியும். பழைய உப்பு எதுவும் அதில் இல்லை. ஆனால் வடிவமைப்பு மாறாத தகடு என்றால் பழைய கோளாறு சில ஆண்டுகளில் திரும்பி வரலாம் என்பதை மறைக்க விரும்பவில்லை. என் புதிய கூரைக்கு இன்னும் அதிக வயதாகவில்லை. இப்போதைக்கு விளிம்பு சுத்தமாக இருக்கிறது என்று மட்டுமே சொல்ல முடியும். கீல் பொருத்தும் வேலையும் எளிதல்ல. கூரை ஓரிரு மில்லிமீட்டர் சாய்ந்து உட்கார்ந்தாலே காற்றின் சத்தமும் நீர்க்கசிவும் தொடங்கிவிடும்.

உத்தரவாத ஏட்டைக் கவனமாகப் படிக்க வேண்டும். பல நிறுவனங்கள் பெயிண்டுக்குத் தனியாகவும் அரிப்புக்குத் தனியாகவும் காலம் தருகின்றன. பெயிண்டுக்கு 2 அல்லது 3 ஆண்டுகள், அரிப்புக்கு 12 ஆண்டுகள் வரை என்பது பரவலாகக் காணப்படும் அளவு. அந்தப் 12 ஆண்டைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. பெரும்பாலும் அது உள்ளிருந்து வெளியே ஓட்டை விழும் அரிப்புக்கு மட்டுமே பொருந்தும். அலுமினியக் கூரையின் கொப்புளம் மேலிருந்து வருவது, ஓட்டை விழும் அளவுக்குப் போவது அரிது. ஆகவே பெயிண்ட் காலம் கடந்த வண்டிகளில் பேச்சு, கடமையாக இல்லாமல் நிறுவனம் தானாக மனமிறங்கிச் செய்யும் நல்லெண்ண அடிப்படைக்கு வந்து நிற்கும். அங்கே பேசுவது ஆவணங்கள். ஆண்டுதோறும் வண்டியின் உடற்பகுதிச் சோதனை செய்த பதிவுகள், தேதியோடும் அளவுகோலோடும் எடுத்த படங்கள், பெயிண்ட் தடிமன் அளவீடுகள் ஆகிய மூன்றும் எனக்குத் துணை நின்றன. கருவி வாங்கும்போது இரும்பல்லாத உலோகத்தையும் அளக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். காந்த முறையில் மட்டும் இயங்கும் கருவி அலுமினியத்தில் வேலை செய்யாது. ஆலைப் பூச்சின் அளவே கூரை முழுவதும் சீராக இருந்தால், இதற்கு முன் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் "முடியாது" என்பவர்கள் எழுதும்போது நிதானிக்கிறார்கள். பல நாடுகளில் நிறுவனத்தின் உத்தரவாதம் வேறு, விற்றவர் மேல் நுகர்வோர் சட்டம் சுமத்தும் பொறுப்பு வேறு. ஒன்று முடிந்தால் மற்றதும் முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

மறுவிற்பனையைப் பொறுத்தவரை வித்தியாசம் சிறிதுதான். விவரமறிந்த வாங்குபவர் கையில் அதே கருவி இருக்கும், பூச்சு தடித்திருப்பதைக் கண்டுபிடித்துவிடுவார். கூரை மாற்றிய ரசீதைக் காட்டினால் பேச்சு அதோடு முடியும். மறுபூச்சு ரசீதைக் காட்டினால் அடுத்த கேள்வி வரும்.

எஃகுக் கூரை உள்ள வேன்களில் என் தீர்ப்பு தலைகீழாகிறது. அங்கே கூரை உடலோடு பற்றவைக்கப்பட்டது. மாற்றுவது என்றால் வண்டியின் எலும்புக்கூட்டையே வெட்டுவதாகும். பற்றவைக்கும் சூட்டில் எஃகைத் துருவிலிருந்து காக்கும் துத்தநாகப் பூச்சும் ஆவியாகிவிடும், ஏனென்றால் துத்தநாகம் சுமார் 907 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடுகிறது, எஃகு உருகவோ 1400 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே ஓட்டை விழாதவரை துருவைச் சுத்தமாக நீக்கி, எபாக்ஸி பிரைமர் அடித்துப் பூசுவதே நல்லது. இன்னொரு சிக்கல், பொறுப்பு யாருடையது என்பது. துரு பெரும்பாலும் கூரைச் சன்னலுக்காக வெட்டிய துளையின் ஓரத்தில் தொடங்கும். வேனைச் செய்தவர் துளை போட்டவரைக் காட்டுவார், துளை போட்டவர் வேனைச் செய்தவரைக் காட்டுவார். அந்த வழக்கை நான் நடத்தியதில்லை. வெட்டிய ஓரத்தில் பிரைமர் அடிக்கப்பட்டிருக்கிறதா என்பதைச் சன்னல் சட்டத்தைக் கழற்றிப் படம் எடுத்து வைத்துக்கொள்பவருக்கு வாய்ப்பு கூடுதல் என்பது மட்டும் தெளிவு.

எந்த வழியில் போனாலும், முடிந்த வேலைக்குத் தனி உத்தரவாதம் எவ்வளவு காலம் என்பதை வண்டியை எடுக்குமுன் எழுதி வாங்குங்கள். சில ஏடுகளில் மாற்றிய பாகத்துக்குப் பழைய உத்தரவாதத்தின் மிச்சக் காலம் மட்டுமே உண்டு. பிறகு கூரையைப் பலமுறை உயர்த்தி இறக்கி, நான்கு பக்க இடைவெளியும் சமமா என்று பார்த்து, மூடிய நிலையில் குழாய் நீரைப் பீடிங் முழுவதும் ஓடவிட்டு, உள்ளே கித்தானின் மடிப்புகளைக் கையால் தடவிப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.