ஏற்காட்டு மேடைக்கு ஃபைபர் பறை வாங்கலாமா?

2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானா, ராப், ராக் மூன்றையும் சென்னையில் ஒரே மேடையில் ஏற்றியது. குழுவின் பெயர் சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசர் சொன்ன 'சாதிபேதமற்ற தமிழர்' என்பதிலிருந்து வந்தது. அந்த வழியில் பறையும் கிட்டாரும் சேர்த்துக் குழு கட்டுகிறவர்களுக்கு முதலில் வரும் கேள்வி, தோல் பறையா ஃபைபர் பறையா என்பதுதான்.

சேலம் டவுனில் வெயில் கால மேடைக்குத் தோல் பறை போதும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிய பிறகுதான் சிக்கல். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சாயங்காலம் மூடுபனி இறங்கியதும் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். கணீரென்று விழுந்த அடி தொப்பென்று விழும். அந்தக் கனத்த சத்தம் பேஸ் கிட்டாரோடு மோதிக் குழம்பும், பாடுகிறவரின் சொல் அதில் அமுங்கிப்போகும். சாதியைக் கேள்வி கேட்கிற பாட்டில் சொல் கேட்காவிட்டால் என்ன மிச்சம்?

வைக்கோல் தீயில் காய்ச்சினால் சுருதி ஏறும். ஆனால் பந்தல் பக்கத்தில் தீ மூட்ட விடமாட்டார்கள். அவசரத்தில் தீக்குக் கிட்டே பிடித்தால் புளியங்கொட்டைப் பசை விட்டுப்போகும், ஓரத்தில் தோல் கிழியும்.

ஃபைபர் பறை இங்கேதான் கைகொடுக்கிறது. பிளாஸ்டிக் முகம் ஈரம் குடிக்காது. முகத்தை இழுத்துப் பிடிக்கும் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் கால் சுற்று மட்டும் முடுக்க வேண்டும். வரிசையாக முடுக்கிக்கொண்டே போனால் முகம் ஒரு பக்கம் இழுத்து, அடிக்கு அடி சத்தம் மாறும்.

வாங்கும்போது முகத்தைச் சுற்றியுள்ள இரும்பு வளையத்தைப் பாருங்கள். அது முகத்துக்கு மேலே துருத்தி நின்றால் சிண்டுக் குச்சி, அதாவது நீளமான மெல்லிய குச்சி, முகத்தில் படுக்காது. அடி முகத்தில் விழாமல் இரும்பில் இடித்து, குச்சி நுனி நார் நாராகப் பிரியும். முகத்தோடு சமமாக உட்காரும் வளையமே நல்லது. பறையைக் காதருகே வைத்துக் குலுக்கியும் பாருங்கள். ஒரு போல்ட் தளர்ந்திருந்தாலும் மைக் அந்த கிணுகிணுப்பை அப்படியே ஸ்பீக்கருக்குக் கொண்டுபோகும். பனியில் மரை துருப்பிடிக்கும் என்பதால் மாதம் ஒருமுறை கிரீஸ் தொட்டு வைக்க வேண்டும்.

நாதம் என்று வந்தால் ஃபைபர் தோற்கிறது. கூர்மை உண்டு, அடிவயிற்றில் இறங்கும் கனம் இல்லை. மேல்சத்தம் நீண்டு ஒலித்தால் முகத்தின் பின்பக்க ஓரத்தில் இரண்டு விரல் அகலத் துணி ஒட்டுங்கள். மைக்கைப் பின்பக்கம் ஒரு சாண் தள்ளி, நடுவை விட்டு விலக்கி வையுங்கள்.

மாட்டுத்தோல் இல்லாததால் இந்தப் பறை 'சுத்தம்' என்று சொல்லி விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள். அந்தத் தோலைச் சொல்லித்தான் அடிக்கிற கையை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். அதை எதிர்த்துப் பாடுகிற குழு, மழைக்குப் பயந்து ஃபைபர் எடுக்கலாம், தீட்டுக்குப் பயந்து எடுக்கக் கூடாது.

ஐந்து பேர் அடிக்கிற குழுவுக்கு நான்கு ஃபைபர், ஒரு தோல் பறை சரியாக வரும். கிட்டார் ஓய்ந்து பறை தனியாகப் பேசும் இடத்தை அந்தத் தோல் பறைக்கு விடுங்கள். மேடையேறும் வரை அதைக் கம்பளியில் சுற்றி வையுங்கள். மலையிறங்கும்போது பிளாஸ்டிக் பையில் திணிக்காதீர்கள், உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.