தகப்பன் பெயரில் அச்சாகும் ஆய்வாளர்கள்: ஸொட்டேரோவுடன் ஆறு ஆண்டுகள்

மடிக்கணினியின் வன்தட்டு போன மாதம் செயலிழந்தது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் புதியதொன்றைப் பொருத்தி வாங்கி வந்த அன்றிரவே, வேறெதையும் தொடாமல் முதலில் ஸொட்டேரோவை, அதாவது மேற்கோள் காட்டும் உசாத்துணைகளைச் சேர்த்துவைத்துப் பட்டியலாக்கித் தரும் மென்பொருளை, நிறுவி என் பழைய கணக்கினுள் நுழைந்தேன். ஆறு ஆண்டுகளாகச் சேர்த்த ஆயிரத்துச் சொச்சம் உசாத்துணைகளும் தேநீர் ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டன. இலவசக் கணக்கில் கோப்புகளுக்கு 300 மெகாபைட் இடமே உண்டு என்பதால் பிடிஎஃப்கள் பல வரவில்லை. ஆனால் பதிவுகளிலோ நான் எழுதிவைத்த குறிப்புகளிலோ ஒன்றும் தவறவில்லை. முதுமாணி ஆய்வை முடித்துவிட்டுத் தன் முதற்கட்டுரையை ஒரு மருத்துவ சஞ்சிகைக்கு அனுப்பத் தயாராகிக்கொண்டிருக்கும் என் தங்கை அருகில் இருந்து பார்த்துவிட்டு, "அக்கா, நானும் இதையே பாவிக்கட்டே?" என்று கேட்டாள். உடனே ஓம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த மென்பொருளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன், அதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், இணையமும் இல்லாமல், மின்கலத்தில் எஞ்சியிருந்த இரண்டு மணி நேரத்தை வைத்துக்கொண்டு ஒரு கட்டுரையின் உசாத்துணைகளை ஒழுங்குபடுத்த என்னால் முடிந்தது, ஏனென்றால் தரவுகள் முழுவதும் என் கணினியிலேயே இருந்தன. ஆசிரியரின் பெயரையும் ஆண்டையும் இடும் ஏபிஏ நடையில் எழுதிய கட்டுரையை ஒரு சஞ்சிகை திருப்பி அனுப்பியபோது, மேற்கோள்களுக்கு வரிசை எண் இடும் வான்கூவர் நடையைக் கேட்கும் இன்னொன்றுக்கு அதை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 1978இல் கனடாவின் வான்கூவரில் மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் கூடி வகுத்த அந்த எண் முறையில், நடுவில் புதிய மேற்கோளோடு ஒரு பத்தி புகுந்தாலே அதற்குப் பின்னுள்ள எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும். அதைக் கையால் திருத்திய காலத்தை அறிந்தவர்களுக்கே இந்த நிம்மதி விளங்கும். பிழையோ மோசடியோ கண்டு சஞ்சிகையால் மீளப்பெறப்பட்ட கட்டுரை ஒன்று நம் தொகுப்பில் இருந்தால் சிவப்புப் பட்டையிட்டு எச்சரிக்கும் வசதியும் 2019 முதல் உண்டு. அது ஒரு தடவை என்னைப் பெரிய சங்கடத்திலிருந்து காத்தது.

ஆயினும் இந்த ஆறு ஆண்டுகளில் ஒரே ஒரு விடயம் ஒவ்வொரு கட்டுரையின்போதும் என் இரவுகளைத் தின்றிருக்கிறது. அது நம்மவர்களின் பெயர்.

நான் டெங்குவைப் பற்றி எழுதுகிறவள். இலங்கையில் 186,000இற்கும் மேற்பட்ட நோயாளர்கள் பதிவான 2017ஆம் ஆண்டைத் தொட்டு வந்த கட்டுரைகள் என் தொகுப்பில் நிறைய உண்டு, அவற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் இந்நாட்டவர். கந்தையாவின் மகள் மேகலா என்று ஓர் ஆய்வாளரை எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். ஊரில் அவர் க. மேகலா. 'க' என்பது தகப்பனுக்குரிய முதலெழுத்து, மேகலா என்பதே அவர். ஆனால் உலகத்து மேற்கோள் முறைகள் எல்லாம் குடும்பப்பெயர், தன்பெயர் என்ற இரண்டு பெட்டிகளின் மீதே கட்டப்பட்டிருக்கின்றன. கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணை மென்பொருளில் கொடுத்ததும், பதிப்பகத்தார் கிராஸ்ரெஃப் என்ற பதிவகத்தில் எந்தப் பெட்டியில் எதை இட்டுப் பதிந்தார்களோ அது அப்படியே வந்து இறங்குகிறது. ஒரு கட்டுரையில் "மேகலா கே." என்றும் இன்னொன்றில் "கந்தையா எம்." என்றும் ஒரே பெண் இரண்டு பேராகிவிடுகிறார். இரண்டாவதில் அவருடைய பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, ஆய்வுக்கும் கந்தையாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதபோதும், ஆய்வாளராகக் கந்தையாவே நிற்கிறார்.

பெயரும் ஆண்டும் இடும் நடையில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். ஒரே குடும்பப்பெயர் கொண்ட இரு முதலாசிரியர்கள் இருந்தால் முதலெழுத்தைச் சேர்த்து வேறுபடுத்த வேண்டும் என்பது ஏபிஏ விதி. கந்தையா என்ற குடும்பப்பெயரோடு ஒரு பதிவில் "எம்." என்றும் மற்றதில் "மேகலா" என்றும் இருந்தால், விதிக்குக் கீழ்ப்படிந்து மென்பொருள் அவர்களை இருவராகவே நடத்தி, வாக்கியத்தின் நடுவில் தேவையில்லாமல் முதலெழுத்தையோ முழுப்பெயரையோ செருகிவிடக்கூடும். டி சில்வாக்களின் நிலையும் இதுதான்: "டி" தன்பெயர்ப் பெட்டிக்குள் பெரிய எழுத்தில் விழுந்தால், அதுவும் வெறும் முதலெழுத்தாகி, அகரவரிசையில் அவர் வேறெங்கோ போய் நிற்பார். சுகாதார அமைச்சின் அறிக்கையைப் பெட்டி மாற்றாமல் இட்டபோது, லங்கா என்ற குடும்பப்பெயருடைய ஒரு மனிதராக அந்த அமைச்சு என் வரைவில் அச்சாகியிருந்தது. நிறுவனப் பெயர்களுக்கு ஒற்றைப் பெட்டிக்கு மாற்றும் சிறு பொத்தான் அருகிலேயே இருக்கிறது என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

இவற்றைத் திருத்தும் இடம் தொகுப்பு மட்டுமே, வேர்ட் கோப்பு அல்ல. இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். என் மேற்பார்வையாளர், தாம் நேரில் அறிந்த ஆய்வாளர்களின் பெயர்களைக் கோப்பிலேயே ஒவ்வொன்றாகச் சரிசெய்து தந்திருந்தார். அவர்கள் எப்படி அழைக்கப்பட விரும்புகிறார்கள் என்பதை அவரைவிட எவரும் அறியார். அடுத்த நாள் நான் புதிதாக ஒரு மேற்கோளைச் சேர்க்கப் பட்டியல் முழுவதும் புதுப்பிக்கப்பட்டு, அவருடைய திருத்தங்கள் யாவும் அழிந்தன. அதை நான் கவனிக்கவுமில்லை. கட்டுரை வெளிவந்த பின்னரே கண்டோம். அவர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை, எனக்கு அது இன்னும் கனமாக இருந்தது.

ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்துக் காட்டும் ஓர்சிட் என்ற 16 இலக்க அடையாளம் 2012 முதல் வழக்கில் இருக்கிறதே என்பார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் உசாத்துணைப் பட்டியலில் அந்த எண் அச்சாவதில்லை, பெயர்தான் அச்சாகிறது.

ஆகவே நேற்றிரவு, கணக்கிலிருந்து மீண்ட தொகுப்பில் மூன்றாம் முறையாகப் பெயர்களைச் சரிபார்த்து முடித்தபின், தங்கைக்கு என் விடையைச் சொன்னேன். இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது, நான் இதை விடப்போவதுமில்லை. ஆனால் உன் முதற்கட்டுரையில் உசாத்துணைகள் 22 மட்டுமே, அவற்றைக் கையாலேயே எழுது. கட்டுரைகளின் முதற்பக்கத்தைத் திறந்து, ஒவ்வொருவரும் தம் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று உன் கண்ணால் பார்த்து எழுது என்றேன். அவளுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இருந்தும் சஞ்சிகையின் சமர்ப்பிப்புப் படிவத்தை என் பக்கம் திருப்பி, கட்டாயம் நிரப்ப வேண்டிய குடும்பப்பெயர்ப் பெட்டியைக் காட்டி, இதில் எதை எழுதுவது என்று கேட்டாள். உன்னுடைய பெயரை எழுது, அப்பாவின் பெயரை மற்றப் பெட்டியில் போடு, இனி எழுதும் எல்லாவற்றிலும் அதை மாற்றாதே என்றேன்.