காகித அட்டையா, இ-கிரந்தாலயாவா, கோஹாவா? ஒரு மலைப் படிப்பகம் எடுத்த முடிவு

கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கினால், ஒரு ஹட்டியும் (படகர் ஊர்) எஸ்டேட் லைன் வீடுகளும் சந்திக்கிற இடத்தில் எங்கள் படிப்பகம் இருக்கிறது. ஒரே அறை. 3,000-க்குச் சற்று மேல் புத்தகங்கள், 400-ஐ ஒட்டி உறுப்பினர்கள். 1948 நூலகச் சட்டப்படி வசூலாகும் நூலக வரியில் நடக்கும் கிளை நூலகம் இல்லை இது. ஊர்க்காரர்கள் கொடுப்பதில் ஓடுகிறது. எந்தப் புத்தகம் எந்த ரேக்கில், யார் கையில் என்பதை எதில் பதிவது என்று இரண்டு வருடம் முன்பு உட்கார்ந்து பேசி, கடைசியில் கோஹா என்ற இலவச நூலக மென்பொருளுக்குப் போனோம். குன்னூர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு படிப்பகத்தார் இதே கேள்வியோடு வந்ததால் எழுதுகிறேன். நான் கோஹா பக்கம் சாய்ந்தவள்தான். அதை மனதில் வைத்தே படியுங்கள்.

முதலில் காகிதம். எங்களிடம் பல வருடம் இருந்தது பிரவுன் முறை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் அட்டை. ஒவ்வொரு உறுப்பினருக்கும், எத்தனை புத்தகம் எடுக்கலாமோ அத்தனை சிறு காகிதப் பைகள். புத்தகம் கொடுக்கும்போது அதன் அட்டையை உறுப்பினர் பைக்குள் செருகி, திருப்ப வேண்டிய தேதிக்குப் பின்னால் தட்டில் அடுக்கிவிடுவோம். பத்து விநாடி வேலை. கரண்ட் வேண்டாம், மழைக்காலம் தெரியாது. ஆனால் “அந்தப் புத்தகம் இப்போ யார்கிட்ட இருக்கு?” என்று யாராவது கேட்டால், தேதி தெரியாமல் தட்டு முழுக்கப் புரட்ட வேண்டும். 500 புத்தகம் உள்ள இடத்துக்கு இன்றும் இதையே சொல்வேன். அதைத் தாண்டினால் புரட்டுகிற நேரம் படிப்பவர்களைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்துவிடும்.

விலை பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கோஹாவுக்குக் காசு கிடையாது. நாங்கள் விசாரித்தபோது, அரசின் நூலக மென்பொருளான இ-கிரந்தாலயாவும் விலையால் தள்ளுபடியாகவில்லை. பார்கோடு ஸ்கேனர் எதற்கும் ஒன்றுதான். உறுப்பினர் வகை, தவணை நாள், தாமதக் கட்டணம், முன்பதிவு எல்லாம் இரண்டிலும் உண்டு. இவற்றை வைத்து முடிவெடுக்க முடியாது.

எங்களை முடிவெடுக்க வைத்தது ஒரே விஷயம்: பழுது வந்தால் யார் கை வைக்க முடியும்?

இது சும்மா வந்த கேள்வி இல்லை. அதற்கு முன்பு சமவெளியில் ஒரு சிறு நிறுவனத்திடம் காசு கொடுத்து ஒரு மென்பொருள் வாங்கியிருந்தோம். ஆறு வருடம் உழைத்துப் புத்தக விவரங்களை அதில் ஏற்றினோம். பழைய கம்ப்யூட்டர் செத்தது. புதியதில் அந்தத் தமிழ் எழுத்துரு இல்லை. திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூளம்தான் வந்தது. அதுகூடப் பரவாயில்லை, பழைய எழுத்துருவை, எந்தக் கணினியிலும் படிக்கிற யுனிகோடுக்கு மாற்ற இலவசக் கருவிகள் உண்டு. ஆனால் தரவுத்தளத்துக்குப் போட்டிருந்த பூட்டு நிறுவனத்தாரிடம் இருந்தது, அவர்கள் போனை எடுக்கவில்லை. பட்டியலை வெளியே எடுக்க அந்த மென்பொருளில் வழியே வைத்திருக்கவில்லை. கடைசியில் காகிதச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து, இரண்டு கோடை விடுமுறை முழுக்கப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பத் தட்டினோம். எங்களைக் காப்பாற்றியது அந்தப் பதிவேடு. கோஹா வந்த பிறகும் புதுப் புத்தகம் வந்தால் முதலில் பதிவேட்டில் சேர்க்கை எண் போட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தொடுகிறோம்.

இ-கிரந்தாலயா தேசியத் தகவலியல் மையம் உருவாக்கியது, அரசு நூலகங்களை மனதில் வைத்தது. 4.0 பதிப்பு இணையம் வழியாக ஓடுகிறது; தரவு அவர்களுடைய மேகக் கணினியில் இருக்கும். சர்வர் பார்க்கிற வேலை நம் தலையில் விழாது, அது பெரிய நிம்மதி. யுனிகோடு தமிழ் ஏற்கும். பழகிய ஒரு நூலகரின் பக்கத்தில் இரண்டு மதியம் உட்கார்ந்து பார்த்த அளவுதான் என் அனுபவம். தினமும் கையாள்பவர் சொல்லுக்கு என் சொல்லைவிட எடை அதிகம். பார்த்தவரை வேலை ஒழுங்காக நடந்தது. இடித்தது எங்கள் ஊர். நவம்பர் மழையில் மரம் சாய்ந்தால் முதலில் போவது கேபிள், அப்புறம் கரண்ட். கரண்ட் மாலைக்குள் வந்துவிடும், இணையம் நான்கு நாள் வராது. அந்த நான்கு நாளும் படிப்பகத்துக்குக் கூட்டம் வருகிற நாள்.

கோஹா பிறந்த இடமும் ஒரு சின்ன ஊர்ப்புறம்தான். நியூசிலாந்தில் ஹொரோவெனுவா நூலகங்களின் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாங்காது என்ற நிலையில், 1999-ல் எழுத ஆரம்பித்து 2000 ஜனவரியில் ஓட விட்டார்கள். மவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. மூல நிரல் யாருக்கும் திறந்தது. எங்களிடம் அது ஒரு பழைய கம்ப்யூட்டரில், டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மேல், மேசைக்குக் கீழே ஓடுகிறது. வைஃபை ரூட்டர் ஒன்று போதும். வெளி இணையம் இல்லாமலேயே தேடலாம், கொடுக்கலாம், வாங்கலாம்.

கை வைக்க முடிவது என்றால் என்ன என்று ஓர் உதாரணம். நிறுவிய முதல் வாரம் தமிழில் தேடினால் பாதிச் சொற்கள் சிக்கவில்லை. கோஹாவின் பின்னால் ஜீப்ரா என்ற தேடுபொறி இருக்கிறது. நிறுவியவுடன் அது வைத்திருக்கும் எழுத்து அட்டவணை இந்திய மொழிகளுக்குப் பொருந்தாது. ஐசியூ என்ற யுனிகோடு முறைக்கு மாற்ற வேண்டும். கோவையில் பொறியியல் படிக்கும் எங்கள் ஊர்ப் பையன் அமைப்புக் கோப்பில் சில வரிகளை மாற்றி, பட்டியல் முழுவதையும் மறுபடி அட்டவணைப்படுத்தினான். டீ குடித்து முடிப்பதற்குள் தேடல் சரியாகிவிட்டது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அதற்கப்புறமும் ஒன்று மிச்சமிருந்தது. லைன் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி கண்டிப் பக்கமிருந்து திரும்பி வந்த குடும்பம். பௌத்தம் பற்றி எது வந்தாலும் படிப்பார். ஒருநாள் அவரே கணினியில் ‘பௌத்தம்’ என்று தட்டினார், ஒன்றும் வரவில்லை. “டீச்சர், புத்தகம் உங்க முதுகுக்குப் பின்னால இருக்கு. இது இல்லைங்குதே?” என்றார். திரும்பிப் பார்த்தேன், இருந்தது.

காரணம் தட்டச்சு. ‘பௌ’ என்பது பகரமும் ஔகாரக் குறியும் சேர்ந்தது. பிள்ளைகள் தட்டியிருந்தது ‘பெள’: பகரம், எகரக் கொம்பு, பிறகு தனியாக ஒரு ளகரம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு முதலாவது இரண்டு குறியீடு, மற்றது மூன்று. மௌனம், கௌரவம், சௌந்தர்யம் என்று தேடத் தேட 41 பதிவுகள் கிடைத்தன. ஒரே மாலையில் உட்கார்ந்து தலைப்புக்கான 245ஆம் புலத்தில் சரியான வடிவத்தைப் போட்டு, மாற்றுத் தலைப்புக்கான 246ஆம் புலத்தில் தவறான வடிவத்தையும் சேர்த்தோம். இனி எப்படித் தட்டினாலும் வரும். நீங்கள் எந்த மென்பொருளை எடுத்தாலும், பட்டியல் ஏற்றி முடித்ததும் இந்த ஔகாரச் சொற்களை ஒருமுறை தேடிப் பாருங்கள்.

கோஹாவின் சுமையையும் சொல்ல வேண்டும். சர்வர் உங்களுடையது என்றால் அதன் காய்ச்சலும் உங்களுடையது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மே, நவம்பர் மாதங்களில் புதிய பதிப்பு வருகிறது. நாங்கள் இரண்டே முறைதான் உயர்த்தியிருக்கிறோம், இரண்டும் அந்தப் பையன் ஊரில் இருந்தபோது. அவன் வேலைக்கு வெளியூர் போய்விட்டால் என்ன செய்வது என்று யோசித்து, ஒவ்வொரு படியையும் தமிழில் ஒரு நோட்டில் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். அந்த நோட்டைப் பார்த்து வேறொருவர் செய்து பார்க்கும் நாள் இன்னும் வரவில்லை. லினக்ஸ் தெரிந்த ஒருவர்கூட எட்டும் தூரத்தில் இல்லாத ஊருக்கும், நல்ல இணையம் உள்ள அரசுப் பள்ளி, கல்லூரி நூலகத்துக்கும் இ-கிரந்தாலயாவே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

கரண்ட் போனால் யுபிஎஸ் ஒரு மணி நேரம் இழுக்கும். அதற்குப் பிறகு பழைய வழிதான்: ஒரு நோட்டில் உறுப்பினர் எண், சேர்க்கை எண், தேதி. கரண்ட் வந்ததும் ஏற்றிவிடுவோம். மடிக்கணினியில் இணைப்பில்லாமல் பதிந்து பின்னால் ஏற்றுகிற கருவியும் கோஹாவுக்கு உண்டு, ஆனால் நாளுக்கு இருபது புத்தகம் போகிற இடத்துக்கு நோட்டே வேகம்.

பார்கோடு ஒட்டும்போது ஒரு கவனம். வெளி அட்டையில் ஒட்டியவை முதல் மழைக்காலத்துப் பனிமூட்டத்திலேயே ஓரம் சுருண்டு உரிந்துவிட்டன. இப்போது முதல் பக்கத்தின் உள்ளே ஒட்டி, மேலே அகலமான ஒட்டுநாடா போடுகிறோம். ஸ்கேன் செய்ய அட்டையைத் திறக்க வேண்டியிருக்கிறது, ஆனால் எண் நிற்கிறது.

கோஹாவை டெபியனில் நிறுவினால் தினமும் தானே காப்புப்பிரதி எடுக்கும். ஆனால் நாமாக மாற்றாதவரை இரண்டு நாள் பிரதிகளைத்தான் வைத்திருக்கும், அதுவும் அதே கணினியில். ஆகவே ஞாயிறு மாலை பூட்டுவதற்கு முன் ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொள்கிறோம். அது பொருளாளர் வீட்டு அரிசிப் பானைக்கு மேலே, ஒரு டப்பாவுக்குள் இருக்கிறது.