பழைய பூதப் பொம்மைப் புத்தகத்துக்குக் கேடிபி போதுமா?

அரோரா நிறுவனம் 1961-ல் விட்ட ஃபிராங்கன்ஸ்டைன் பூதத்தின் பிளாஸ்டிக் கிட் (பாகங்களை ஒட்டிச் சேர்ப்பது) மாதிரியான பொம்மைக்குப் புத்தகம் போட்டால், படம்தான் உயிர். நாமே புத்தகம் வெளியிட உதவும் அமேசானின் கேடிபி சேவையில் அதற்குப் பிரீமியம் கலர்தான் தேறும். ஸ்டாண்டர்ட் கலரில் காசு மிச்சம், நிழல்கள் அப்பிப்போகும். பேப்பர்பேக்குக்கு 24 பக்கம் போதும். புத்தக முதுகில் தலைப்பு வர 79 பக்கம் வேண்டும். கெட்டி அட்டைக்கு 75. மேலுறை கிடையாது, சேகரிப்பாளர்களுக்கு அது ஒரு குறைதான்.

படங்கள் அச்சளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்கட்டும். ஓரம்வரை போகும் படத்துக்கு 0.125 அங்குலம் பிளீட் (வெட்டும் கோட்டைத் தாண்டி நீளும் படப் பகுதி) விடாவிட்டால் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். இரண்டு பக்கம் விரியும் படம் வேண்டவே வேண்டாம். பசை பைண்டிங்கின் மடிப்பு பூதத்தின் மூக்கையே விழுங்கிவிடும்.

பெரிய தலைவலி, இருட்டில் ஒளிரும் பொம்மை வகைகளின் பச்சை. திரையில் ஜொலிப்பது சிஎம்ஒய்கே எனும் நான்கு நிற அச்சு மையில் அப்படியே வராது. சிஎம்ஒய்கே முன்னோட்டம் பார்த்து நீங்களே நிறத்தைத் திருத்துங்கள். பின்னணியைக் கறுப்பாக்கினால் பச்சை கொஞ்சமாவது எடுபடும். வெளியிடும் முன் சரிபார்க்க அச்சிட்டுத் தரும் புரூஃப் பிரதி கட்டாயம் வாங்குங்கள். அட்டையின் குறுக்கே ‘மறுவிற்பனைக்கல்ல’ பட்டை இருக்கும், நிறம் பார்க்க அது தடையில்லை.

அரோரா கிட் பெட்டிக்கு ஓவியர் ஜேம்ஸ் பாமா வரைந்த ஓவியத்தை அட்டையில் போட ஆசை வரும். பொம்மை உங்களுடையதாக இருக்கலாம், ஓவிய உரிமை உங்களுடையதல்ல. கேடிபி அனுமதிக் கடிதம் கேட்டால் புத்தகம் அங்கேயே நின்றுவிடும்.