வயரா, வைஃபையா: ஒரு பனியன் கம்பெனிக்கு நெட்வொர்க் போட்ட கணக்கு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அலுவலகத்தில் 10 கம்ப்யூட்டர். அதே காம்பவுண்டில் 40 மீட்டர் தள்ளி இருக்கும் குடோனில் 3. முதலாளி கையில் இரண்டு கொட்டேஷன். ஒன்றில் எல்லாமே வைஃபை. இன்னொன்றில் மூலைமுடுக்கெல்லாம் கேபிள். "இதுல எதப் போடறது தம்பி?" என்றார்.

இரண்டு தாளிலும் இருந்தது சாமான் பட்டியல்தான். யார், எந்த நேரத்தில், என்ன வேலை பார்க்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அதனால் ஒரு நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பில் போடுகிறார்கள். டிசைன் செக்‌ஷனில் இரண்டு பேர் கனமான ஃபைல்களைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறார்கள். குடோனில் ஒருவர் ஸ்கேனரோடு நடந்துகொண்டே பண்டல் எண்ணுகிறார். வெளியூர் பையர் வந்தால் முதலில் கேட்பது வைஃபை பாஸ்வேர்டு.

வைஃபையை எடுத்துக்கொள்வோம். சுவரை உடைக்க வேண்டாம், இரண்டே நாளில் வேலை முடியும். ஆனால் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றதெல்லாம் காத்திருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். அக்கம்பக்கத்து கம்பெனிகள் அத்தனையும் அந்த மூன்றில்தான் உட்கார்ந்திருக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும். இணையம் பார்க்கிறவருக்கு நொடிப்பொழுது இணைப்பு அறுந்தால் தெரியவே தெரியாது. டேலியில் வவுச்சர் எழுதிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் டேட்டாவே கெடலாம். கெட்ட டேட்டாவைச் சரிசெய்ய டேலியில் ரீரைட் போட்டுவிட்டுக் கையைப் பிசைந்தபடி காத்திருந்த கணக்காளர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கேபிளுக்கு அந்தத் தொல்லை இல்லை. 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் போக கேட்-5இ ரக கேபிள் போதும். கேட்-6 என்றால் 55 மீட்டர் வரை 10 ஜிகாபிட்டும் தாங்கும். சுவருக்குள் ஒருமுறை போவதை மறுபடி பிடுங்கப் போவதில்லை என்பதால் கேட்-6 எழுதினேன். கேபிள் கொட்டேஷனிலும் ஒரு பொடி எழுத்து இருந்தது: 'சிசிஏ'. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கேமராவுக்கு மின்சாரமும் அதே வயரில் போகும்போது அது சூடாகும், முறியும். சுத்தச் செம்புதான் வேண்டும் என்று எழுதி வாங்கச் சொன்னேன்.

அலுவலகத்தில் பழைய கேபிள் கொஞ்சம் இருந்தது. 'ஸ்லோவா இருக்குங்க' என்பது டிசைனர்களின் நெடுநாள் புலம்பல். கிளிப்பைக் கழற்றினால், எட்டுக் கம்பியில் நான்கைத்தான் கிரிம்ப் செய்திருக்கிறார்கள். நான்கு கம்பியில் 100 மெகாபிட்தான் போகும்; ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 40 ஜிபி ஃபோல்டரை நகலெடுக்க ஒரு மணி நேரம் ஆவதும், ஆறேழு நிமிடத்தில் முடிவதும் இந்த நான்கு கம்பியில் இருக்கிறது. புது கம்ப்யூட்டர் வாங்கலாம் என்றிருந்தாராம் முதலாளி.

ஆக, மேசையில் அசையாமல் இருப்பதற்கெல்லாம் வயர். ஸ்கேனருக்கும் பையரின் போனுக்கும் வைஃபை, அதற்கு வைஃபை சிக்னல் தரும் மூன்று ஆக்சஸ் பாயின்ட் பெட்டிகள். அலுவலகத்தையும் குடோனையும் இணைக்க மட்டும் இரண்டுமே இல்லை, ஃபைபர். 40 மீட்டர் செம்பு கேபிளுக்கு எட்டும் தூரம்தான். ஆனால் இரண்டு கட்டடத்துக்கும் எர்த் வேறு வேறு. பக்கத்தில் இடி விழுந்தால் வயர் வழியாக இரண்டு பக்க ஸ்விட்சும் (கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி) போய்விடும். ஃபைபர் என்பது கண்ணாடி இழை, மின்சாரம் கடத்தாது. உலோகக் கவசம் இல்லாத ஃபைபராகப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து, டேட்டா எங்கே இருக்க வேண்டும்? இப்போது கணக்காளர் கம்ப்யூட்டரில் ஷேர் செய்த ஃபோல்டரில் இருக்கிறது. விண்டோஸ் 10, 11-இல் ஒரே நேரத்தில் 20 இணைப்பு வரை அனுமதி. இங்கே 13 கம்ப்யூட்டர்தான், அந்த வகையில் தப்பில்லை. ஆனால் அவர் ஏழு மணிக்கு ஷட்டவுன் செய்துவிட்டுப் போனால் மற்ற இருவரும் அம்போ. விண்டோஸ் சர்வர் வாங்கினால் ஆளுக்கு ஒரு லைசென்ஸும், பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். 13 கம்ப்யூட்டருக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. முதலாளியின் மகன் கிளவுட் என்றார். பில்லுக்குச் சரி, டிசைன் ஃபைல்களை நாள் முழுக்க இணையத்தில் ஏற்றி இறக்குவதை நினைத்தாலே கண்ணைக் கட்டுகிறது. யாரும் உட்காராத ஒரு கம்ப்யூட்டரில் டேலி. டிசைனுக்கும் இரவு பேக்கப்புக்கும் நெட்வொர்க்கில் எல்லோரும் ஃபைல் வைக்கும் ஒரு என்ஏஎஸ் பெட்டி என்று முடிவானது. அதில் இரண்டு டிஸ்க் ஒன்றையொன்று நகலெடுத்தாலும் அது பேக்கப் ஆகாது. ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும். ஆகவே வாரம் ஒருமுறை வெளியே போகும் ஹார்டு டிஸ்க் தனி.

மேனேஜ்டு ஸ்விட்ச் வீண் செலவு என்றுதான் நானும் நினைத்தேன், பிளாட்டர் (பெரிய தாளில் டிசைன் வரையும் மெஷின்) அறையில் விண்டோஸ் 7-ஐப் பார்க்கும் வரை. 2020 ஜனவரியோடு அதற்கு இலவச அப்டேட் நின்றுவிட்டது. பிளாட்டர் சாஃப்ட்வேர் புது விண்டோஸில் ஓடாது. 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் பரவியது விண்டோஸின் ஃபைல் ஷேரிங் ஓட்டை வழியாகத்தான். அந்தக் கம்ப்யூட்டரையும் கேமராக்களையும் பையர் வைஃபையையும் டேலியிலிருந்து விலேன் (ஒரே ஸ்விட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்) போட்டுப் பிரிக்க மேனேஜ்டு வேண்டும்.

போர்ட் எண்ணினேன். கம்ப்யூட்டர் 10, டேலி பெட்டி, பிரிண்டர் 2, என்ஏஎஸ், ரூட்டர், கேமராவுக்கும் ஆக்சஸ் பாயின்டுக்கும் வயரிலேயே மின்சாரம் தரும் பிஓஇ ஸ்விட்சுக்கு ஒன்று. அச்சு அசலாக 16. இரண்டு கொட்டேஷனிலும் 16 போர்ட் ஸ்விட்ச்தான். கிளம்பும்போது வாசலில் வாட்ச்மேன், விரல் ரேகை வைக்கும் இரண்டு மெஷினிலும் பென் டிரைவைச் செருகிக்கொண்டிருந்தார். அன்று சனிக்கிழமை, வாரச் சம்பளம். "வாரா வாரம் இப்படித்தாங்க, ஆபீஸ்ல கொண்டுபோய்க் குடுக்கணும்" என்றார்.

24 போர்ட் என்று திருத்தி எழுதினேன்.