ஒரிஜினல் டப்பா, டூப்ளிகேட் பிளக்: வடசென்னை லோடு வண்டிக்காரர்கள் கவனத்துக்கு

பெட்ரோல் அல்லது சிஎன்ஜி பிக்கப் வைத்துக்கொண்டு, ஸ்பார்க் பிளக்கை வெளியே வாங்கி வீட்டிலேயே மாற்றிக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டீசல் வண்டிக்காரர்கள் தாண்டிப் போகலாம், உங்கள் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது.

வண்டி என் அக்கா வீட்டுக்காரருடையது. சிஎன்ஜி, பெட்ரோலிலும் ஓடும், நாலு சிலிண்டர். விடியற்காலையில் காசிமேட்டில் மீனும் ஐஸும் ஏற்றி, பெரம்பூர், அயனாவரம் பக்கம் கடைகளுக்குப் போடுவார். உப்புக் காற்றிலேயே நிற்கிற வண்டி என்பதால் சின்னச் சின்ன வேலைகளுக்குப் பஞ்சமே இருக்காது. எல்லாவற்றுக்கும் சர்வீஸ் சென்டர் போனால் கட்டுப்படியாகாது. அதனால் ஆயில், ஃபில்டர், பிளக் எல்லாம் தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலில் வைத்து நானும் மாமாவும்தான் மாற்றுவோம்.

இந்த முறை பிளக் வாங்கியது மூலக்கடை பக்கம் ஒரு ஸ்பேர்ஸ் கடையில். கடை பெயரை இங்கே எழுதப் போவதில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஷோரூம் கவுன்ட்டரில் ஒரு இரிடியம் பிளக் 650 ரூபாய் சொன்னார்கள், இவர் 480க்குக் கொடுத்தார். "ஒரிஜினல்தாண்ணா, டப்பாவ பாருங்க" என்றார். டப்பா பளபளவென்று ஸ்டிக்கரோடு சரியாகத்தான் இருந்தது. பில் கேட்டதற்கு, "பில்லு போட்டா ரேட்டு ஏறும்ணா" என்று ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். அதன் தலையில் 'எஸ்டிமேட்' என்று அச்சடித்திருந்தது. ஜிஎஸ்டி எண் இல்லை, பார்ட் நம்பர் இல்லை. இன்னொன்றும் சொன்னார்: பழைய பிளக்கையும் காலி டப்பாவையும் கொண்டுவந்தால் அடுத்த தடவை விலையில் கழித்துக்கொள்வாராம். தேய்ந்துபோன பிளக்கும் காலி டப்பாவும் ஒரு கடைக்காரருக்கு எதற்கு என்று யோசித்துப் பாருங்கள்.

மாட்டும்போதே ஒன்று கரகரத்தது. எஞ்சின் நன்றாக ஆறியபின், குழியில் காற்றடித்துத் தூசி எடுத்துவிட்டு, பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகிக் கையால்தான் சுற்றுவோம். மரை சரியாக உட்கார்ந்தால் கடைசி வரை விரல் பலத்திலேயே இறங்கிவிடும். இது பாதியில் பிடித்தது. அதற்கு மேல் ஸ்பேனர் போட்டுத் திருகினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும், அப்புறம் மரையைச் சரிசெய்யும் ஹெலிகாயில் (கம்பிச்சுருள்) போட அலைய வேண்டும். கழற்றி எடுத்துப் போனேன். கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல், முகத்தைக்கூடப் பார்க்காமல், வேறொன்றை எடுத்து நீட்டினார்.

மாட்டி முடித்ததும் ஐடிலில் (வண்டி நின்றபடி ஓடும்போது) எஞ்சின் சத்தம் சுத்தமாக இருந்தது. லோடு ஏற்றிக்கொண்டு பேசின் பிரிட்ஜ் மேம்பாலம் ஏறும்போதுதான் ஆரம்பித்தது: இழுவை இல்லை, வண்டி வெட்டி வெட்டிப் போகிறது, செக் எஞ்சின் விளக்கு மினுக்குகிறது. பெட்ரோலுக்கு மாற்றினால் கொஞ்சம் தேவலை, கேஸுக்கு வந்தால் மறுபடி அதேதான். கூடவே ஒரு வேடிக்கை. எஃப்எம் ரேடியோவில் கொர்ரென்று ஒரு இரைச்சல், ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க அதுவும் ஏறியது.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். பி 0303 என்ற கோளாறு எண் (கோடு) வந்தது, அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், எரிபொருள் சரியாகப் பற்றவில்லை. உடனே "காயில் போச்சு" என்று, பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கிற அந்த இக்னிஷன் காயிலைப் புதுசாக மாட்டி 1,800 ரூபாய் வாங்கினார்கள். மிஸ் நிற்கவில்லை. அடுத்து "கேஸ் இன்ஜெக்டர் பாக்கணும், வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றார்கள். எனக்கு இவர்கள் மேல்தான் கோபம் அதிகம். மூன்றாவது சிலிண்டர் காயிலை இரண்டாவதில் மாட்டி, கோடு 0302 என்று மாறுகிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் ஆகாது. காயிலோடு கோடு மாறினால் காயில் கோளாறு. மாறாவிட்டால் அதே போலப் பிளக்கை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். அதை வீட்டில் நாங்கள் செய்தோம். பிளக்கை மாற்றியதும் கோடும் கூடவே நகர்ந்தது. பழைய பிளக்குகளைக் கடைக்குக் கொடுக்காமல் டப்பாவில் போட்டு வைத்திருந்தோம். நாலையும் திரும்ப மாட்டினதும் அதே மேம்பாலத்தில் வண்டி ஒழுங்காக ஏறியது.

அதற்குப் பிறகு புதியதையும் பழையதையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் தலையிலும் மற்றதை நடு எலெக்ட்ரோடின் நுனியிலும் தொட்டால், பார்ட் நம்பரில் 'ஆர்' எழுத்து உள்ள ரெசிஸ்டர் பிளக் (உள்ளே மின்தடை வைத்தது) சுமார் 5 கிலோ ஓம் காட்ட வேண்டும். 3 முதல் 7.5 வரை இருந்தால் சரி. பழையது நாலும் அப்படித்தான் காட்டின. புதியதில் மூன்று, வெறும் கம்பியைத் தொட்ட மாதிரி பூஜ்யம். உள்ளே ரெசிஸ்டரே இல்லை, ரேடியோ இரைச்சலுக்குக் காரணம் அதுதான். (ரெசிஸ்டர் இல்லாத நல்ல பிளக்குகளும் உண்டு, ஆனால் அவற்றின் நம்பரில் அந்த எழுத்து இருக்காது.)

நுனியைப் பார்த்தால் இன்னும் மோசம். உண்மையான இரிடியம் பிளக்கில் நடு எலெக்ட்ரோடு அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், மைக்ரோடிப் பென்சில் லெட் மாதிரி. அது கீழ்க் கம்பியோடு சேருகிற இடத்தில் லேசர் வெல்டிங்கின் மெல்லிய வளையம் தெரியும். இவற்றில் வளையம் இல்லை. சாதாரண நிக்கல் கம்பியை நுனியில் கடைந்து ஒல்லியாக்கியிருக்கிறார்கள். கேஸ்கெட் வாஷர் விரலால் சுற்றினாலே கழன்று கையோடு வந்தது. ஒரிஜினலில் அது மரையை விட்டு லேசில் வெளியே வராது. வளைந்த எலெக்ட்ரோடு நடுவுக்கு நேராக இல்லை. கேப் (இரண்டு எலெக்ட்ரோடுக்கும் நடுவே உள்ள இடைவெளி) ஒன்றில் 0.8 மில்லிமீட்டர், மூன்றாவது சிலிண்டரில் போட்டிருந்ததில் 1.2.

அந்த 1.2தான் கேஸில் வண்டியைப் படுத்தியது. சிஎன்ஜி கலவையில் பொறி தாண்டுவதற்குப் பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். லோடோடு மேடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், தேவைப்படும் வோல்டேஜும் கூடும். கேப்பும் அகலமாக இருந்தால் காயிலால் முடியாது, மிஸ் ஆகும். ஐடிலில் எதுவும் தெரியாதது இதனால்தான். இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் எரியாத கேஸ் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். பிளக் விலை எங்கே, அதன் விலை எங்கே!

கவுன்ட்டரில் "அந்த நம்பர் இல்ல, இது போடுங்க, ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். என்ஜிகே, டென்சோ கம்பெனிகளில் ஹீட் ரேஞ்ச் எண் (பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியே விடும் என்பதற்கான குறியீடு) ஏறினால் பிளக் குளிர்ச்சியானது. பாஷில் எண் ஏறினால் சூடானது. நேர் எதிர். வண்டியின் கையேட்டில் உள்ள பார்ட் நம்பரை அப்படியே காட்டி வாங்குங்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, "எலக்ட்ரிக்கல் அயிட்டம் ரிட்டர்ன் கிடையாதுண்ணா, நீங்க மாட்டிட்டீங்க" என்றார். மாட்டாமல் மிஸ் ஆவது எப்படித் தெரியும்? மீட்டரை எடுத்துக் காட்டினேன். அப்புறம், "இது எங்க கடைதான்னு எப்டி சொல்றீங்க?" என்றார். மாமா ஜிபே பண்ணின ரசீது போனில் இருந்தது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் விற்பது முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பதும் அப்படியே; பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், திருப்பிக் கொடுக்க 30 நாள் கெடு. லோடு வண்டி என்றால் தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் ஆக மாட்டோம் என்று சிலர் பயப்படுகிறார்கள். தானே ஓட்டி அதில் பிழைக்கிறவருக்கு விலக்கு உண்டு, மாமா அந்தக் கணக்கில் வருவார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிந்தோம். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

புகார் போனதும் கடையிலிருந்து போன் வந்தது. பாதிப் பணம் தருகிறாராம், ஆனால் நாலு பிளக்கையும் டப்பாவோடு முதலில் ஒப்படைக்க வேண்டுமாம். முழுப் பணமும், காயிலுக்குச் செலவான பணமும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். பிளக் எங்கள் பீரோவில்தான் இருக்கிறது.