நகருக்குள் ஒரு சிறுவர் பூங்கா: ஐந்துக்கு மூன்று

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருவேன். அதில் இரண்டு ஊஞ்சலுக்கு, ஒன்று வேப்பமரத்துக்கு. தரைக்கு ஒன்றும் கிடையாது. கழிக்க வழியிருந்தால் கழித்திருப்பேன்.

நாகர்கோவிலில், சுற்றிலும் மாடி வீடுகள் எழும்பிவிட்ட ஒரு குடியிருப்புக்கு நடுவே இருக்கிறது இந்தப் பூங்கா. பெயர் வேண்டாம். யாரையும் சந்தியில் நிறுத்துவது என் நோக்கமில்லை. இங்கே சொல்லும் குறைகள் நான் பார்த்த வேறு பல பூங்காக்களுக்கும் பொருந்தும். இடம் பதினைந்து சென்ட் இருக்கலாம். இரண்டு ஊஞ்சல் சட்டங்கள், மேடையோடு கூடிய பெரிய சறுக்கு, ஒரு சீசா, ஏறி விளையாடும் கம்பிக் கூண்டு, குடைராட்டினம், ஓரத்தில் பெரியவர்களுக்கான உடற்பயிற்சிக் கருவிகள். புதுப்பித்து அதிக காலம் ஆகவில்லை, வண்ணம் இன்னும் கண்ணைப் பறிக்கிறது.

எனக்குத் தொழில் இரும்பு. கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, கடற்கரைக்காரர்களின் வள்ளத்துக்குச் சில்லறைச் சாமான்கள், இவைதான் என் பட்டறையில் ஓடும். விடுமுறைக்குச் சென்னையிலிருந்து மகளும் பேத்தியும் வந்துவிட்டால் மாலையில் பூங்கா. பேத்தி விளையாடுவாள், நான் போல்ட் பார்ப்பேன். மகளுக்கு இதில் கொஞ்சம் வெட்கம். "அப்பா, டேப்பைப் பையில் வையுங்கள், எல்லோரும் பார்க்கிறார்கள்" என்பாள்.

ஊஞ்சலை மெச்சத்தான் வேண்டும். ஒரு சட்டத்துக்கு இரண்டுதான் தொங்கவிட்டிருக்கிறார்கள். இது சின்ன விஷயமில்லை. மூன்றாவதைச் செருகினால், நடு ஊஞ்சலில் ஏறப்போகும் குழந்தை இரண்டு பக்கமும் ஆடுகிறவற்றுக்கு இடையே புகுந்துதான் போக வேண்டும். அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பொது விளையாட்டுத் திடல்களுக்கென்று ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. அதுவும் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. மகள் கட்டடக்கலை படித்தவள், அந்தக் கையேட்டை அச்செடுத்துக் கொடுத்தாள். அளவெல்லாம் அங்குலத்தில் இருப்பதால் எனக்கு வசதி. கைக்குழந்தைகளை உட்காரவைக்கும் கூடை இருக்கை தனிச் சட்டத்தில் இருக்கிறது, அதுவும் சரி. இருக்கைகள் மரப்பலகையோ இரும்புத் தகடோ அல்ல, வளைந்து கொடுக்கும் ரப்பர் பட்டை. பின்னால் ஓடிவரும் குழந்தையின் நெற்றியில் பட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. பழைய பூங்காக்களில் தேக்குப் பலகை ஊஞ்சல் பல்லைப் பெயர்த்த கதையை நம் வயதுக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

மேல் குழாயில் சங்கிலியை வெறும் கொக்கியில் மாட்டாமல் பேரிங் வைத்த தொங்கலில் மாட்டியிருக்கிறார்கள். ஆடும்போது சத்தமே இல்லை. கொக்கியில் மாட்டிய ஊஞ்சலில் இரும்பும் இரும்பும் உரசி, கொக்கியின் வளைவு மெலிந்துகொண்டே வரும். கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. கிரீச்சென்று கத்துகிற ஊஞ்சல் தேய்கிற ஊஞ்சல். பிள்ளையை ஏற்றுமுன் ஒரு தடவை வெறும் ஊஞ்சலை ஆட்டிக் காதைக் கொடுங்கள், போதும்.

ஒரு குறையும் உண்டு. சட்டத்தின் மூட்டுகளில் இப்போதே பழுப்புக் கோடு இறங்கியிருக்கிறது. ஜி.ஐ. பைப் என்றால் இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு. அந்தத் துத்தநாகம்தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. பைப்பை வெட்டி வெல்டிங் வைத்தால் மூட்டைச் சுற்றிலும் பூச்சு எரிந்துபோகும். முழுச் சட்டத்தையும் ஒட்டி முடித்த பிறகு துத்தநாகக் குளியலில் முக்குவதுதான் முறை. அதற்கு வசதியில்லையென்றால் மூட்டைத் தேய்த்து, துத்தநாகம் மிகுந்த பெயின்டை இரண்டு கை அடிக்க வேண்டும். இங்கே வெள்ளி நிறப் பெயின்டை அடித்து மறைத்திருக்கிறார்கள். உள்நாட்டில் இது சில ஆண்டுகள் தாங்கும். உப்புக் காற்றும் இரண்டு பருவமழையும் உள்ள நம் மாவட்டத்தில் தாங்காது. கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்டதும் நிம்மதியடைய வேண்டாம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 304 ரகம் உப்புக் காற்றில் தேநீர்க் கறை போலப் பழுப்புப் பிடிக்கும். மாலிப்டினம் கலந்த 316தான் நிற்கும், விலையும் கூடுதல்.

சறுக்குக்கு வருவோம். பிளாஸ்டிக் சறுக்கு, நல்ல தடிமன், சுழலும் அச்சில் வார்த்த வகை. கண்ணாடியிழைச் சறுக்காக இருந்திருந்தால் மேல்பூச்சு தேய்ந்ததும் இழை வெளியே வந்து தொடையில் ஏறி அரித்துத் தள்ளும். அந்தத் தொல்லை இதில் இல்லை. சரிவும் அளவாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை மேற்கே பார்க்க வைத்திருக்கிறார்கள். மாலை நான்கு மணிக்கு வெயில் நேராக அதன் மேல் விழுகிறது. பேத்தி பாதியில் காலை ஊன்றி, "பாட்டா, சுடுகிறது" என்று அலறினாள். சறுக்கை வடக்கே பார்க்க வைத்தால் சூடேறாது என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். அது அவர்கள் ஊர்க் கணக்கு. நிலநடுக்கோட்டுக்கு எட்டு டிகிரி வடக்கே இருக்கிற நமக்கு, சித்திரை தொடங்கி ஆவணி பாதி வரை உச்சிச் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிற்கிறது. எந்தத் திசையைப் பார்த்தாலும் தப்பிக்க முடியாது. நிழலில் வைப்பது ஒன்றுதான் வழி. பதினைந்து அடி தள்ளி அவ்வளவு பெரிய வேப்பமரம் நிற்கிறது, அதன் கீழே சிமென்ட் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். பெரியவர்கள் நிழலில், பிள்ளைகள் வெயிலில். வரைபடம் போட்டவர் ஒரு நாள் மாலையில் இங்கே வந்து நின்றிருந்தால் பெஞ்சும் சறுக்கும் இடம் மாறியிருக்கும்.

சறுக்கின் மேடையைச் சுற்றியுள்ள கம்பித் தடுப்பை அளந்தேன். கம்பிக்கும் கம்பிக்கும் இடையே 5 அங்குலம். இதைப் படிக்கிற பெற்றோர் இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது மனத்தில் வையுங்கள். அந்தக் கையேட்டின்படி, விளையாட்டுக் கருவியில் உள்ள எந்த இடைவெளியும் மூன்றரை அங்குலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், அல்லது 9 அங்குலத்துக்கு அதிகமாக இருக்க வேண்டும். நடுவில் உள்ள அளவுதான் ஆபத்து. சின்னக் குழந்தை காலை முன்னே விட்டு நுழையும். உடம்பு போய்விடும், தலை போகாது. தொங்கிக்கொண்டிருக்கும். மேடைக்குக் கம்பி அடித்தவர் வீட்டு மாடித் தடுப்பின் கணக்கில் அடித்திருப்பார். நடுவில் ஒவ்வொரு கம்பி சேர்த்தால் தீர்ந்தது. அரை நாள் வேலை. சட்டைக் கயிறு, கழுத்தில் தொங்கும் தண்ணீர்ப் புட்டி, துப்பட்டா இவற்றோடு பிள்ளைகளை மேலே ஏற்றாதீர்கள், எங்காவது மாட்டினால் கழுத்தைத்தான் இறுக்கும்.

இனி தரை. சறுக்கின் அடியிலும், கம்பிக் கூண்டின் அடியிலும், ஊஞ்சலின் அடியிலும் இன்டர்லாக் கல். நீலமும் சிவப்புமாக, வெகு நேர்த்தியாக, ஒரு கல்கூட ஆடாமல் பதித்திருக்கிறார்கள். கார் நிறுத்த அருமையான தரை. விளையாட்டுத் திடலில் பிள்ளைகளுக்கு ஏற்படும் காயங்களில் பெரும்பாலானவை கீழே விழுவதால்தான் வருகின்றன. கருவி உடைந்து வருவது குறைவு. அதனால்தான் உலகம் முழுவதும் கருவியைவிட அதன் அடியில் உள்ளதைப் பற்றி அதிகம் எழுதுகிறார்கள். ஐரோப்பாவில் தரைக்கென்றே இ.என். 1177 என்று தனித் தரநிர்ணயம் இருக்கிறது. தலை வடிவக் குண்டைப் போட்டு அதிர்ச்சியை அளந்து பார்க்கிறார்கள். கல்லும் தாரும் கான்கிரீட்டும் எந்தக் கணக்கிலும் தேறாது. 9 அங்குல ஆழத்துக்கு இளகிய மணல் போட்டால் 4 அடி உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும் என்கிறது அமெரிக்கக் கையேடு. அதே ஆழத்துக்கு மரச்சில்லு போட்டால் 10 அடி வரை தாங்குமாம். மர அறுவை ஆலைகளுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா?

எனக்கு வயிற்றெரிச்சல் வேறு. தமிழ்நாட்டில் ரப்பர் என்றால் கன்னியாகுமரி மாவட்டம். குலசேகரம், அருமனை, கீரிப்பாறை என்று மலையடிவாரம் முழுக்க ரப்பர்த் தோட்டம். 1984இல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தலைமையகம் இதே நாகர்கோவிலில் இருக்கிறது. அந்த ஊரில் பிள்ளைகள் விழுவதற்குக் கல். ரப்பர்ப் பாலை ஊற்றித் தரை போட முடியாது என்று தெரியும். இயற்கை ரப்பர் திறந்தவெளியில் வெயில் பட்டு வெடித்துவிடும். பூங்காக்களில் போடுவது பழைய டயரை அரைத்த தூளைப் பசையில் குழைத்து அடியில் பரப்பி, மேலே செயற்கை ரப்பரால் வண்ணமாக மூடிய தரை. ஆனால் லாரி டயரில் உள்ள ரப்பரில் பெரும்பங்கு இயற்கை ரப்பர்தான். நம் தோட்டத்துப் பால் டயராகி, தேய்ந்து, அரைபட்டு, சென்னையில் பேத்தியின் காலடிக்குப் போய்ச் சேர்கிறது. அவள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் அந்தத் தரை உண்டு. அதற்கும் நிழல் வேண்டும், வெயிலில் அதுவும் கொதிக்கும். செலவு அதிகம் என்பார்கள். சரி, மணலாவது போடுங்கள். நாய் அசிங்கம் செய்யும், மழையில் அரித்துக்கொண்டு போகும் என்று காவலாளி சொன்னார். நியாயம்தான். சுற்றிலும் ஒரு அடிக்குக் கட்டை கட்டி, அடியில் ஜல்லி பரப்பி வடிகால் விட்டு, மாதம் ஒரு முறை கிளறிவிட வேண்டும். அந்த வேலைக்கு ஆள் போட வேண்டியிருக்கும், கல்லுக்கு ஆள் வேண்டாம். விஷயம் அவ்வளவுதான்.

மகள் ஒரு சங்கதி சொன்னாள். ஆம்ஸ்டர்டாமில் ஆல்டோ வான் ஐக் என்று ஒரு கட்டடக்கலைஞர். போருக்குப் பிறகு, 1947 முதல் 1978 வரை, அந்த ஒரே நகரத்தில் 700க்கு மேற்பட்ட விளையாட்டிடங்களை அமைத்தாராம். வீடு இடிந்து கிடந்த மனை, தெரு முனை, எது கிடைத்தாலும் விடவில்லை. படங்களைக் காட்டினாள். யானையும் இல்லை, கோட்டையும் இல்லை. ஒரு மணல் குழி, தாண்டிக் குதிக்க வட்டக் கற்கள், வளைத்து ஊன்றிய வெறும் குழாய்கள். அந்தக் குழாய் வளைவுகளை என் பட்டறையில் இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு செய்துவிடலாம். ஏறுவதா, தொங்குவதா, வீடு என்று சொல்லி உட்காருவதா என்பதைக் குழந்தையே முடிவு செய்துகொள்ளும். நம் பூங்காவில் உள்ள கம்பிக் கூண்டும் அந்தச் சாதிதான். பேத்தி அதிக நேரம் இருந்ததும் அதில்தான்; அடியில் கல் இருந்ததால் நானும் அதிக நேரம் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

மற்றவை சுருக்கமாக. சீசாவின் இரு முனைகளுக்கும் அடியில் பாதி புதைத்த டயர் இல்லை, பலகை நேராகக் கல்லில் இடிக்கிறது, முதுகுத்தண்டு அதிர்கிறது. குடைராட்டினத்தைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள், பேரிங் போய்விட்டதாம். உடற்பயிற்சிக் கருவிகளில் பெரியவர்களைவிடப் பிள்ளைகள்தான் தொங்குகிறார்கள், அவற்றின் நகரும் மூட்டுகளில் விரல் சிக்க இடமுண்டு, அந்தப் பக்கம் விடாதீர்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு இங்கே எதுவுமே இல்லை, வாசலிலேயே இரண்டு படி. கழிப்பறை இருக்கிறது, சாவி இருப்பதில்லை. வேப்பமரத்துக்கு ஒரு முழு நட்சத்திரம் கொடுத்ததை யாரும் கேள்வி கேட்க முடியாது. உண்மையான மரநிழலில் பிள்ளைகளை ஓடவிட வேண்டுமென்றால் புலியூர்க்குறிச்சிக்குப் போய் உதயகிரிக் கோட்டைக்குள் விட்டுவிடுங்கள். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா காலத்தில் அவரது படைத்தலைவர் டிலனாய் பீரங்கி வார்த்த கோட்டை அது. என்னைப் போன்ற இரும்பு வேலைக்காரனுக்கு உள்ளே நடக்கவே ஒரு மரியாதை வரும்.

போகிறவர்களுக்கு: காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை ஐந்தரைக்கு மேல் போங்கள். ஆறரைக்குக் கொசு வந்துவிடும். சின்னப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்காதீர்கள், பாசத்தில் பலர் செய்கிறார்கள்; குழந்தையின் கால் சறுக்கின் ஓரத்தில் மாட்டினால் உங்கள் எடையும் சேர்ந்து தள்ளி எலும்பை முறித்துவிடும். தானாக ஏற முடியாத பிள்ளைக்கு அந்தச் சறுக்கு இன்னும் ஆகவில்லை என்று விட்டுவிடுங்கள். வாசலுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் ரசவடை நன்றாக இருக்கிறது, ஐந்து மணிக்கு மேல் மிஞ்சாது. வண்டியைக் கிழக்கு வாசலில் நிறுத்துங்கள். மேற்கு வாசலில் நிறுத்தினால் டயரில் காற்று இருக்காது என்கிறார் காவலாளி. யார் பிடுங்குகிறார் என்று கேட்டால் மட்டும் சிரிக்கிறார்.